கடன் நம் பெயரில்

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழு கூடியிருந்த மாலையில் வாலிபர்கள் ஐவர் வந்தார்கள். மூவர் பல்கலைக்கழக மாணவர். ஒருவர் கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவர். ஐந்தாமவர் மருந்தாளராகப் பணி செய்யும் நம் சமூகத்துப் பெண்மணி. ஐவரும் நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளே. குவீன்ஸ்டவுனில் இரண்டு நாள் 'ஹாக்கத்தான்' ஒன்று நடத்த வேண்டும், நோயாளிகளுக்கும் முதியோருக்கும் உதவக்கூடிய புதிய சாதனங்களை அக்கம்பக்கத்தாரே கூடி உருவாக்க வேண்டும், அதற்கு வியாபாரிகளாகிய நாம் கைகொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை.

'ஹாக்' என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மூத்த அங்கத்தினர் ஒருவர் தம் கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டார். பேங்க் கணக்கைக் களவாடுவோர் செய்வதும் அதுதானே என்று கேட்டார். சிரிப்பு அடங்கிய பின்னர் வாலிபர்கள் விளக்கினார்கள். கம்ப்யூட்டர்க்காரர்களிடையே அச்சொல்லுக்கு, ஒரு சிக்கலை விடாப்பிடியாகக் குடைந்து எப்படியாவது வழி கண்டுவிடுவது என்ற நல்ல பொருளும் உண்டாம். அதனோடு நெடுந்தூர ஓட்டப் பந்தயமாகிய மாரத்தானின் வாலை ஒட்டினால் ஹாக்கத்தான். 1999-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கனடா தேசத்துக் கால்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி என்னும் கம்ப்யூட்டர் அமைப்பை உருவாக்கியவர்களில் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடி வேலை செய்ததற்கு முதலில் இப்பெயர் வழங்கலாயிற்று. பின்னர் இது மருத்துவத்திற்கும் வந்தது. அமெரிக்காவில் எம்ஐடி கலாசாலையைச் சேர்ந்தோர் 2011-ல் இதற்கென்றே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். வழக்கம் யாதெனில், வெள்ளி மாலையில் டாக்டர்களும் தாதியரும் நோயாளிகளும் தங்கள் சிரமத்தைச் சொல்வார்கள். பொறியாளரும் மாணவரும் சிறு சிறு குழுவாகப் பிரிந்து இரவு பகலாக வேலை செய்வார்கள். ஞாயிறு மாலையில் ஒவ்வொரு குழுவும் தான் செய்ததைக் காட்டும். நடுவர் பரிசு கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

பிள்ளைகள் நம்மிடம் கேட்டவை இரண்டு. ஒன்று, சாப்பாட்டுச் செலவும் பரிசுப் பணமும். இது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. பிரியாணி யார் பொறுப்பு என்பதில்தான் சற்றுப் போட்டி. இரண்டாவது கோரிக்கை வேறு மாதிரியானது. "மாமா, குவீன்ஸ்டவுனில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு அங்குள்ள பெரியவர்களை எல்லாம் தெரியும். யாருக்கு என்ன வியாதி, யார் தனியாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை எங்களுக்குச் சொல்லுங்கள், அவர்களை எங்களிடம் அழைத்து வாருங்கள்" என்றார்கள். இதைக் குறித்து இஷா தொழுகை நேரம் வரை பேசியும் முடியவில்லை. அன்று தீராத அந்தப் பேச்சை நம் அங்கத்தினர் அனைவர் முன்பும் வைக்கவே இதை எழுதுகிறோம்.

குவீன்ஸ்டவுனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்போர் இருக்கலாம். 1953-ல் முடிசூடிய எலிசபெத் மகாராணியை முன்னிட்டுப் பெயர் பெற்ற இப்பகுதி, சிங்கப்பூரின் முதல் துணை நகரம். பெயருக்கேற்ப, எங்கு திரும்பினாலும் அரச குடும்பம்: மார்கரெட் டிரைவ், டச்சஸ் எஸ்டேட், காமன்வெல்த் அவென்யூ. பொதுஜனங்களுக்கான மருந்தகம் 1963-லேயே இங்கு வந்துவிட்டது. அலெக்சாண்ட்ரா ஆஸ்பத்திரி அதற்கும் மூத்தது. 1940-ல் பிரிட்டிஷ் ராணுவத்தாருக்காகத் திறக்கப்பட்டது. ஸ்டர்லிங் ரோட்டில் முஜாஹிதீன் பள்ளிவாசல் 1977-ல் எழுந்தது. அன்று இளம் தம்பதிகளாகக் குடிவந்தவர்கள் இன்று கைத்தடியோடு லிப்டுக்குக் காத்திருக்கிறார்கள். தீவிலேயே முதியோர் மிகுந்த இடங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் அதன் ஆஸ்பத்திரிக் குழுமமும் சேர்ந்து, 2021 அக்டோபரில், குவீன்ஸ்டவுனை ஒரு 'சுகாதார வட்டாரம்' ஆக்கும் திட்டத்தை அறிவித்தன. வயது கூடினாலும் நோயின்றி, தனிமையின்றி, ஏதேனும் ஒரு வேலையோடு மனிதர் வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம்.

மற்றொரு விசேஷமும் உண்டு. 2003-ல் திறக்கப்பட்ட பயோபொலிஸ் என்னும் ஆராய்ச்சிக் கூடங்கள் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. உலகமெங்கும் கீர்த்தி பெற்ற விஞ்ஞானிகள் உயிரணுவின் உள்ளே நடப்பதை ஆராயும் கண்ணாடிக் கட்டடங்கள் ஒரு பக்கம். அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில், மாத்திரைப் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாத பெரியவர். இரண்டுக்கும் இடையில் ஒரு பாலம் தேவை என்று வாலிபர்கள் சொன்னதில் தவறு காண முடியாது.

இனி நம் கடைகளைப் பற்றி. புளோக்கின் கீழ்த்தளத்தில் நம்மவர் வைத்திருந்த சிறு கடையைச் சீனரும் மலாய்க்காரரும் 'மாமாக் கடை' என்றே அழைத்தார்கள். அந்தக் கடையில் அட்டையில் '555' என்று அச்சிட்ட கையடக்கப் புத்தகம் ஒன்று கட்டாயம் இருக்கும். இன்ன வீட்டில் இன்ன தேதியில் அரிசி, எண்ணெய், மில்க் டின் என்று பற்று எழுதி, சம்பளத்தன்று வரவு வைத்து அடித்துவிடுவோம். பணமில்லாக் கைப்பேசி வர்த்தகம் வந்த பிறகு அப்புத்தகம் அருகிவிட்டது. ஆயினும் கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும் சங்கதிகள் அருகவில்லை. ஒரு வீட்டில் சீனி வாங்குவது திடீரென நின்றால் டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று அறிவோம். பெரியவர்களுக்கான டயாப்பர் வாங்க ஆரம்பித்தால் படுக்கையில் ஒருவர் விழுந்துவிட்டார் என்று அறிவோம். நாள்தோறும் ரொட்டி வாங்க வருபவர் இரண்டு நாள் வராவிட்டால் மாடியேறிக் கதவைத் தட்டிய கடைக்காரர்கள் நம்மில் உண்டு. டாங்ளின் ஹால்ட்டின் பழைய புளோக்குகளை இடித்துப் புதுப்பிக்கும் திட்டம் 2014-ல் அறிவிக்கப்பட்டு, குடியிருந்தோரில் மிகுதியானோர் புதிய வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, அவர்களுக்கு நல்ல லிப்டும் நல்ல கழிவறையும் கிடைத்தன. ஆனால் கதவைத் தட்டும் கடைக்காரர் எல்லோருக்கும் கூடவே வரவில்லை.

நம் செயற்குழு அன்பர் ஒருவரின் கடையில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த அளவுக்கே எழுதுகிறோம். ஊரும் புளோக்கும் ஆண்டும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டோம். தனியாக வாழும் ஒரு பெரியவர், சர்க்கரை வியாதிக்காரர். தமிழ் வாசிப்பார், ஆங்கிலம் வராது. புது மாத்திரை வாங்கி வரும்போதெல்லாம் கடைக்கு வந்து, "தம்பி, இது சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்பார். நம் அன்பரும் வாசித்துச் சொல்வார். ஒருமுறை இரண்டு அட்டைகளைக் கொண்டு வந்தார். ஒன்று வீட்டில் மிச்சமிருந்தது. மற்றது புதிதாக வேறு இடத்தில் வாங்கியது. இரண்டிலும் காலையில் ஒன்று என்று இருந்தது. அதையே அன்பரும் சொன்னார். நான்காம் நாள் பெரியவர் கடை வாசலிலேயே வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாகச் சுயநினைவு இருந்தது. இனிப்புப் பானம் கொடுத்து, ஆம்புலன்ஸை அழைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். விஷயம் இதுதான்: இரண்டு அட்டையிலும் இருந்தது கிளிக்லசைட் என்ற ஒரே மருந்து. ஒன்றில் மருந்தின் பொதுப் பெயர் பெரிதாக இருந்தது, மற்றதில் கம்பெனி வைத்த பெயர். இரட்டை அளவாகச் சாப்பிட்டதில் ரத்தத்தில் சர்க்கரை மட்டமீறித் தாழ்ந்துவிட்டது.

நம் அன்பர் வாசித்ததில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவர் ஒருவருக்கும் மாத்திரை அட்டை வாசித்துச் சொல்வதில்லை. "பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். பெரியவர்கள் சிலர் போகிறார்கள்; சிலர் போவதில்லை.

மருந்தாளராகிய அந்தப் பெண்மணி இச்சம்பவத்தைக் கேட்டதும், "மாமா, இதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றார். அவருக்கு மருந்து தெரியும். மாணவருக்குக் கருவி செய்யத் தெரியும். ஆனால் எந்த வீட்டில் எந்த இடத்தில் முள் குத்துகிறது என்பது கல்லாவுக்குத்தான் தெரியும். இரண்டு அட்டையின் படத்தைக் காட்டினால் "இரண்டும் ஒன்றே, ஒன்றை நிறுத்தி மருந்தாளரைக் கேள்" என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் வாயால் சொல்லும் கருவி ஒன்றைச் செய்ய முடியுமாம். நோன்பு மாதத்தில் எந்த மாத்திரையை ஸஹருக்கும் எதை இப்தாருக்கும் மாற்றலாம் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கத் தூண்டும் குறிப்பேடும் அவர்கள் யோசனையில் இருந்தது. கேட்கக் கேட்க நமக்கும் உற்சாகம் பிறந்தது. ஆகவே, இப்படிப்பட்ட கூட்டம் நடக்க வேண்டுமா என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நடத்தும்போது நாம் யாராக நிற்கிறோம் என்பதுதான் சந்தேகம்.

அதைச் சற்று விளக்குவோம். கூட்டத்தில் ஒரு வாலிபர், "அவர்களுக்கு உதவி செய்யத்தானே கேட்கிறோம், இதில் என்ன தயக்கம்?" என்று நல்ல மனதோடு கேட்டார். நாமும் அப்படித்தான் நினைத்துப் பழகியவர்கள். அரிசி மூட்டை கொடுப்போம், பெருநாளைக்குப் பணம் கொடுப்போம். கொடுப்பவர் நாம், வாங்குபவர் அவர். ஆனால் இக்காரியத்தில் முதலில் கொடுப்பவர் யார்? தன் வியாதியை, தன் மறதியை, இரவில் படுக்கை நனைந்த வெட்கத்தை முன்பின் அறியாத இருபது வாலிபர் முன் அந்தப் பெரியவரல்லவா எடுத்து வைக்கிறார்? அது இல்லாமல் எந்தச் சாதனமும் பிறக்காது. அதைக் கொண்டு மாணவர் பரிசு பெறலாம், உத்தியோகம் பெறலாம், ஒருவேளை கம்பெனியே தொடங்கலாம். சங்கத்திற்கும் நல்ல பெயர். இத்தனை பேர் லாபத்திற்கும் முதல் போட்டவர் அவர். சரக்கை வாங்கிக்கொண்டு இன்னும் விலை கொடுக்காதவரை நம் பாஷையில் கடன்காரர் என்போம். அப்படியானால், 555 புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதுதான். இம்முறை பற்று நம் பெயரில்.

கடன் என்றும் அமானிதம் என்றும் இரண்டு சொல்லையும் நாம் நன்கு அறிவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நபித்துவத்திற்கு முன்னரே மக்காவாசிகள் 'அல் அமீன்' என்று அழைத்தார்கள். பகைத்தவர்களும் தம் பொருளை அவர்களிடமே கொடுத்து வைத்தார்கள். கி.பி. 622-ல் உயிருக்கு ஆபத்தான நிலையில் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, அந்தப் பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைத்து வரும்படி அலி (ரலி) அவர்களைப் பின்னால் நிறுத்திவிட்டுச் சென்றார்கள். வியாபாரிகளாகிய நாம் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லும் சரித்திரம். அதில் நாம் இரண்டு சங்கதிகளைக் காண்கிறோம். ஒன்று, வைத்த பொருளை வேறு எதற்கும் எடுக்கவில்லை. மற்றொன்று, எல்லோரும் போன பின்பும் கணக்கு முடிக்க ஒருவர் அங்கே தங்கினார். நம் ஹாக்கத்தானில் இடறக்கூடிய இரண்டு இடங்களும் இவையே.

முதல் இடறல் சிங்கப்பூரில் நமக்கு அனுபவமானதே. 2018 ஜூன் முடிவிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சிங்ஹெல்த் ஆஸ்பத்திரிக் குழுமத்தின் கம்ப்யூட்டரில் யாரோ புகுந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைக் களவாடினார்கள். அவர்களில் 1,60,000 பேருக்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பதும் போயிற்று. அப்போதைய பிரதமரின் விவரமும் அதில் அடக்கம். மறு ஆண்டு ஜனவரியில் வெளியான செய்தி இன்னும் வேதனையானது. ஹெச்ஐவி கிருமி உள்ள 14,200 பேரின் பெயர்ப் பட்டியல் வெளியில் கசிந்திருந்தது. பணம் களவு போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். ஊருக்குத் தெரிந்துவிட்ட வியாதியை மீண்டும் ரகசியமாக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

இவை களவுகளும் துரோகங்களும். களவே இல்லாமலும் அமானிதம் இடறுவதுண்டு. கொரோனா காலத்தில் 2020 மார்ச் 20-ஆம் தேதி 'டிரேஸ் டுகெதர்' செயலி வெளிவந்தது. அவசர காலத்தில் விரைந்து செய்த கண்டுபிடிப்புக்கு அதைப் போல் உதாரணம் கிடையாது. நோய் தொற்றியவர் அருகே யார் இருந்தார் என்று கண்டுபிடிக்க மட்டுமே அதன் விவரங்கள் பயன்படும் என்று சொல்லப்பட்டது. ஜனங்களும் நம்பி எடுத்துக்கொண்டார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகப் போலீசாரும் அதைக் கேட்டுப் பெறச் சட்டம் இடமளிக்கிறது என்பது நாடாளுமன்றத்தில் தெரிய வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. வாக்குக் கொடுத்த அமைச்சர், தாம் அச்சட்டத்தை நினைத்துப் பார்க்கவில்லை என்றும் தவறு தம்முடையதே என்றும் சபையிலேயே ஒப்புக்கொண்டார். கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டிப் பிப்ரவரியில் சட்டம் செய்தார்கள். ஒப்புக்கொண்டது மேலான காரியம். ஆயினும், ஒரு காரியத்திற்கென்று இரவல் வாங்கியது இன்னொன்றுக்குப் போக முடியும் என்பது தெரிந்ததும் சாதாரண ஜனங்கள் எவ்வளவு கலங்கினார்கள் என்பதைக் கடையில் உட்கார்ந்து நாம் காதால் கேட்டோம். பெரிய அரசாங்கத்திற்கே நேர்ந்தது, இருபது பிள்ளைகளும் ஒரு பிரியாணி அண்டாவும் கொண்ட நமக்கு நேராது என்று எண்ணலாமா?

பெயரை நீக்கிவிட்டு விவரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றார் கம்ப்யூட்டர் அன்பர். 2012-ல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் எடுத்துக் காட்டினார். நல்லது. ஆனால் ஒரு வட்டாரத்திற்குள் பெயர் எதற்கு? வலது கால் எடுக்கப்பட்ட, தறுக்குக் கட்டையோடு பூனைக்கு மீன் வாங்க வரும் பெரியவர் என்றால் அந்தப் பக்கத்து மீன்காரரிலிருந்து பள்ளி மோதினார் வரை எல்லோருக்கும் புரிந்துவிடுமே! கல்லாவில் நாம் கண்டதை நாமாக எடுத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்று முடிவு செய்தோம். சீனி வாங்குவதை நிறுத்தியவர் அதை நமக்கு அறிவிக்கவில்லை. நாம் கண்டுகொண்டோம், அவ்வளவே. கடைக்காரர் செய்யக்கூடியது, இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது, வர விருப்பமா என்று கேட்பது. வருவதும் சொல்வதும் பாதியில் எழுந்து போவதும் அவர் இஷ்டம்.

நிற்க. இரண்டாவது இடறலை வியாபாரிக்கு விளக்கவே வேண்டியதில்லை. கடை திறப்பு விழாவன்று கூடும் கூட்டம் வியாபாரம் ஆகாது. ஞாயிறு மாலையில் கைதட்டலோடு காட்டப்படும் கருவி, திங்கட்கிழமை காலையில் யார் பொறுப்பு? மாணவனுக்குப் பரீட்சை வந்துவிடும், உத்தியோகஸ்தருக்கு ஆபீஸ். ஹாக்கத்தான்களில் பிறந்த கருவிகளில் பெரும்பாலானவை அந்த வாரக் கடைசியைத் தாண்டி உயிர் வாழ்வதில்லை என்பதைப் பிள்ளைகளே மறைக்காமல் சொன்னார்கள்.

அதற்கு அவர்கள் சொன்ன சமாதானமும் லேசானதன்று. "இதையெல்லாம் நிபந்தனையாகப் போட்டால் ஒருவரும் புதிதாக எதையும் முயல மாட்டார்கள். நூறு தோற்றால்தான் ஒன்று ஜெயிக்கும். நீங்கள் திறந்த கடையெல்லாம் நிலைத்ததா?" என்று ஒரு மாணவர் கேட்டார். அடக்கமாகக் கேட்டாலும் சுருக்கென்று தைத்தது. நிலைக்கவில்லைதான். தேக்காவில் இரண்டு முறை கடையை மூடிவிட்டு மூன்றாம் முறை எழுந்தவர் எங்களில் ஒருவர் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். ஆகையால், தோற்பதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் கடை மூடினால் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போவார். "காலையில் இந்தக் கருவி ஞாபகப்படுத்தும்" என்று நம்பி மாத்திரைப் பெட்டியை ஒதுக்கி வைத்த பெரியவருக்கு, ஒருநாள் அது பேசாமல் போனால் என்ன ஆகும்? அது பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. மூடுகிற கடைக்காரர் வாசலில் அறிவிப்பு ஒட்டி, பாக்கி தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்; நிலைத்தே தீர வேண்டும் என்று கேட்கவில்லை.

நிலைக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. மலாக்காவில் பிறந்து, 1819-ல் சிங்கப்பூருக்கு வந்து, காய்கறியும் கோழியும் விற்று உயர்ந்த டான் டொக் செங் என்ற வியாபாரி, தெருவில் கிடந்து மடியும் ஏழை நோயாளிகளுக்காக 5,000 வெள்ளி கொடுத்தார். 1844 ஜூலையில் முத்துக் குன்றில் அடிக்கல் நாட்டினார்கள். நோயாளிகள் உள்ளே வந்து படுத்ததோ 1849-ல். மறு ஆண்டு அவரே இறந்துவிட்டார். அவர் மகன் பணம் கொடுத்தார், மனைவி பெண்களுக்கென்று ஒரு பகுதியைக் கட்டித் தந்தார். அப்படித்தான் அந்த ஆஸ்பத்திரி உயிர் தரித்தது. இன்று அவர் பெயரைச் சொல்லாத டாக்ஸிக்காரர் இல்லை. கொடுத்த 5,000 வெள்ளியை மட்டும் நாம் புகழ்கிறோம். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அரிசிக்கும் மருந்துக்கும் யார் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டு உதாரணம் இன்னும் வியாபாரிக்கு உகந்தது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வாலிபத்திலேயே மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர்; அந்த விரல்களாலேயே கத்தி பிடித்துக் கண் அறுவை செய்யப் பழகியவர். பணம் கொடுக்கக்கூடிய நோயாளியிடம் வாங்கும் கட்டணத்தின் மிச்சத்தில் கொடுக்க முடியாதவருக்கு இலவசமாகச் செய்வது என்று கணக்குப் போட்டார். கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லையை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைக்குக் கட்டாது என்று கண்டு, 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை அங்கேயே நிறுவி, விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். அங்கே கண்டுபிடிப்பு வில்லை மட்டுமல்ல. நாளைக்கும் மறுநாளைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற ஏற்பாடும் கண்டுபிடிப்பே. இந்த இரண்டாவது வித்தை பயோபொலிஸ் விஞ்ஞானிக்கும் தெரியாது, கல்லூரி மாணவருக்கும் தெரியாது. முதல், கொள்முதல், தேய்மானம், மிச்சம் என்று காலமெல்லாம் கணக்குப் பார்த்த நமக்குத்தான் தெரியும். பிரியாணியும் பரிசும் மட்டுமே நம்மால் ஆகும் என்று பிள்ளைகள் நினைத்தால் அது அவர்கள் தவறன்று. நாமும் இதுவரை அப்படித்தான் நடந்துகொண்டோம்.

ஆகவே செயற்குழு யோசித்திருப்பது இது. கூட்டத்தைக் கண்ணாடிக் கட்டடத்தில் வைக்காமல், முதியோர் இறங்கி வரக்கூடிய இடத்தில் வைப்போம். நடுவர் குழுவில் இருவராவது அந்த வட்டாரத்து முதியவராக இருக்க வேண்டும். அவர்களுக்கும் மற்ற நடுவர்களுக்குக் கொடுக்கும் சன்மானமே. ஒருவர் வாயால் சொன்னது அந்தக் கூட்டத்திற்கு மட்டும். வேறெதற்கும் எடுப்பதானால் மீண்டும் அவரிடமே போய்க் கேட்க வேண்டும், அவர் மறுத்தால் அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் நம் வியாபாரிகளில் ஒருவர் ஓராண்டு துணையிருப்பார். கணக்கு வழக்கு, செலவு, விலை இவற்றில் அவர் சொல் கேட்கப்படும். கருவி கைவிடப்படுமானால், அதைப் பயன்படுத்தியவர் வீட்டுக்கு அந்த வியாபாரியே நேரில் போய்ச் சொல்லி, மருந்தாளரிடம் அழைத்துச் சென்று பழைய முறையை மறுபடி ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். இதற்கு ஐந்து பேர் தேவை. இதுவரை மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பரிசுக்குப் பணம் தர முன்வந்தவர்களோ பதினொருவர்!

பரிசில் பாதியை அன்றும் மறு பாதியை ஆறு மாதம் கழித்தும் கொடுக்கலாம் என்ற நம் யோசனையைப் பிள்ளைகள் ஏற்கவில்லை. தங்களைக் கூலிக்காரர் போல் நடத்துவதாக வருத்தப்பட்டார்கள். அதில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே நமக்கும் படுகிறது. அடுத்த கூட்டத்தில் பேசுவோம். கொடையாளர் பெயர்களைப் பெரிய துணியில் எழுதி மேடையில் கட்ட வேண்டும் என்று ஓர் அங்கத்தினர் கேட்டிருப்பது பற்றியும் அப்போது பேசலாம். அவசரமில்லை.

அவசரமான விஷயம் வேறு ஒன்று வந்திருக்கிறது. இப்படி ஒரு கூட்டம் நடக்கப்போகிறது, வருவீர்களா என்று நம் அன்பர் ஒருவர் ஒரு மூதாட்டியிடம் கேட்டார். நாங்கள் பயந்தது போல் அந்த அம்மாள் கூச்சப்படவில்லை. "வர்றேன் தம்பி. இடுப்பு வலியைச் சொல்றேன், கண்ணு மங்குறதைச் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ராத்திரியில நான் ரெண்டு தடவை கீழே விழுந்தது என் மகனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னை இந்த வீட்டிலேருந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவான். அதை நான் அங்க சொன்னா அவன் காதுக்குப் போகுமா, போகாதா?" என்றார்.

போகாது என்று சொல்லத்தான் நம் அன்பருக்கு வாய் வந்தது. ஆனால் மூன்றாம் முறை விழுந்தால்? மகனிடம் மறைப்பதும் ஓர் அநியாயம் ஆகாதா? பதில் சொல்லாமல், "கேட்டுச் சொல்றேம்மா" என்று திரும்பிவிட்டார். யாரைக் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் யாரென்று தெரியாதபடி, கேள்வியை மட்டும் எழுதி ஐந்து பிள்ளைகளிடமும் கொடுத்திருக்கிறோம். அங்கத்தினர்களும் தங்கள் அபிப்பிராயத்தை அடுத்த கூட்டத்திற்குள் செயலாளருக்கு எழுதி அனுப்பக் கோருகிறோம். அதற்கு ஒரு பதில் கிடைத்த பிறகே ஹாக்கத்தானுக்குத் தேதி குறிப்பதாக இருக்கிறோம்.